நாற்பத்தொன்றாவது டேக்

ஜூன் 3, திங்கள்

முபீனா, இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்வதற்கு மன்னித்துக்கொள். பதினொன்றரை ஆகிவிட்டது. ஹெப்சி இப்போதுதான் தூங்கினாள். எட்டு மாதக் குழந்தைக்கு அப்படி என்ன யோசனையோ, ஒரு மணி நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

நீ கேட்டது சின்ன வேலைதான். எங்கள் ‘ஃபுட்போர்டு’ பேண்டின் மூன்று ஆல்பங்களையும் இசைத்தட்டாகக் கொண்டுவருகிறாய். கூடவே ஒரு சிறு புத்தகம். அதற்கு நாங்கள் ஒவ்வொருவரும் பழைய ஆல்பங்களைத் திரும்பக் கேட்டு, தேதி போட்டு, டைரி மாதிரி எழுதித் தர வேண்டும். பதினான்காம் தேதி அச்சுக்குப் போகிறது. இசக்கி ஒரே மூச்சில் எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னாய். பாட்டெழுதுகிறவன், அவனுக்கென்ன. எனக்குப் பால் பாட்டில் கழுவும் நேரம் போக மிச்சம் இருப்பது இதுதான்.

முதல் ஆல்பம், ‘சில்லறையா குடுங்க’. 2013. பாளையங்கோட்டையில் நாங்கள் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தோம். ஸ்கா-பங்க் என்றால் என்னவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாதவர்களும் புத்தகத்தைப் படிப்பார்கள் என்று நீ சொன்னதால் எழுதுகிறேன்: தாளம் விழும் இடத்தில் கிதார் வாசிக்காமல் இரண்டு அடிகளுக்கும் நடுவில் வெட்ட வேண்டும். ட்ரம்ஸ் தலைதெறிக்க ஓட வேண்டும். பின்னாலிருந்து ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் சேர்ந்து கத்த வேண்டும். இசக்கி கிதார், பாட்டு. கான்வென்ட் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவில் பழகிய நான் ட்ரம்பெட். ட்ராம்போனுக்கு ஆளில்லை.

இசக்கிதான் சிகாமணி அண்ணனைப் பிடித்து வந்தான். முழுப் பெயர் ஞானசிகாமணி. கல்லூரிக்காரர் இல்லை. கல்யாணம், சப்பரம், சாவு என்று எல்லாவற்றுக்கும் போகும் பேண்டு செட் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தார். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முதல் நாள் இசக்கி வாசித்துக் காட்டியதும் அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, பாட்டுக்கு விக்கல் எடுக்கு. தண்ணி குடுங்க.”

அன்றிலிருந்து எங்களுக்கு ஸ்காவின் பெயர் விக்கல்.

அட்டைப் படத்தில் பேருந்துப் படிக்கட்டில் ட்ரம்பெட்டோடு நான் தொங்கிக்கொண்டிருப்பேன். நீ பள்ளிக்கூடத்தில் உன் பெஞ்சில் ஒட்டிவைத்திருந்ததாகச் சொன்னாயே, அந்தப் படம்தான். வண்டி ஓடவில்லை, டெப்போவில் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் அந்தப் படத்தில் இல்லை. அன்று அவருக்கு வேறு வேலை இருந்தது.

ஹெப்சி எழுந்துவிட்டாள்.

ஜூன் 4, செவ்வாய்

தடுப்பூசி. காய்ச்சல் வரும் என்று டாக்டர் சொன்னபடியே வந்தது. வரும் என்று சொல்லி வந்த காய்ச்சலுக்கே பத்து தடவை தொட்டுப் பார்த்தேன். ஹெப்சியின் அப்பா ஜெபா அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, “தெர்மாமீட்டர எதுக்கு வாங்குனோம்?” என்றான். என் கையை நம்புவதா அதை நம்புவதா என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது ஆல்பம் கேட்கவில்லை.

ஜூன் 5, புதன்

நீ கேட்ட பழைய ட்ராக்குகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் ஓடவில்லை. செத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

வரிசை மாற்றி மூன்றாவது ஆல்பத்தைக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே கேட்டேன், அதனால் தப்பாக நினைக்காதே.

‘ஷெட்டுக்குப் போற வண்டி’, 2016. படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையில் வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். வேகம் குறைந்த பாட்டுகள். இதில் ட்ரம்பெட்டின் தனி ஆவர்த்தனம் எங்குமே கிடையாது. இணையத்தில் அப்போது ஒருவர் எழுதியிருந்தார், இந்தப் பெண் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆசையைக் கடந்துவிட்டாள் என்று. இசக்கி அதைப் படம் பிடித்து அனுப்பினான். “ஏட்டி, நீ ஞானியாயிட்ட” என்று ஒரு வரியும்.

அவன் நான்கு பாட்டுகளில் எனக்கு இடம் விட்டுத்தான் வைத்திருந்தான். வேண்டாம் என்றது நான்தான். “எல்லாத்துலயும் நான் வந்து ஊதணுமா” என்று கேட்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

சிகாமணி அண்ணன் இந்த ஆல்பத்தில் இல்லை. கல்யாண சீசன், அவரால் வர முடியவில்லை. ட்ராம்போன் கேட்கும் இடங்களெல்லாம் கீபோர்டு. இப்போது கேட்டால் நன்றாகவே தெரிகிறது. பிளாஸ்டிக் பூ மாதிரி.

ஹெப்சிக்குக் காய்ச்சல் விட்டது. கேழ்வரகுக் கஞ்சியை என் முகத்தில் துப்பினாள். நல்ல அறிகுறி.

ஜூன் 8, சனி

காலையில் ஜெபா வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆரம்பித்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து அவன் லேப்டாப்பில் செருகினான்.

“செத்துப்போச்சுன்ன? நல்லாத்தான ஓடுது.”

“அன்னிக்கு ஓடல.”

“என்னிக்கு? நீ இத எடுத்த மாதிரியே தெரியல லிடியா, உறை மேல இவ்ளோ தூசி.”

நான் குக்கரில் விசில் வந்துவிட்டதென்று உள்ளே போனேன். அவன் ஏதோ ஒரு ஃபைலைப் போட்டுவிட்டான். கூடத்தில் என் குரல், இருபது வயதுக் குரல், கேட்டது: “டேக் பதினேழு. லிடியா. ட்ரம்பெட்.”

எங்கள் வழக்கம் அது. ஒரு நாளில் நூறு ஃபைல் சேரும், எது யாருடையது என்று பின்னால் குழம்பக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு முறையும் வாசிப்பதற்கு முன் எண்ணையும் பெயரையும் வாத்தியத்தையும் மைக்கில் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம். ஜெபாவுக்கு ஒரே சிரிப்பு. “ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் சொல்ற மாதிரி இருக்கு. இரு, அடுத்ததையும் போடறேன்.”

“குழந்தை தூங்குது” என்றேன். தூங்கவில்லை. அவன் மடியில்தான் இருந்தாள்.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. ஹெப்சிக்குச் சளி என்று சொன்னேன்.

‘ரெண்டு விசில்’, 2014. கேட்டேன். பத்துப் பாட்டையும் கேட்டேன். மதுரையில் ஒரு ஸ்டுடியோவை மூன்று நாள் வாடகைக்குப் பிடித்துப் பதிவு செய்தது. கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். இசக்கி அதை வைத்துத்தான் தலைப்புப் பாட்டை எழுதினான். அதன் நடுவில் பாட்டும் கிதாரும் நின்று, ஓடும் ட்ரம்ஸின் மேல் ட்ரம்பெட் மட்டும் எட்டுச் சுற்று தனியாக வருகிறது. நீ முதல் முறை என்னைக் கூப்பிட்டபோது வணக்கம்கூடச் சொல்லாமல் அதைத்தான் கேட்டாய். “அக்கா, அந்த நாலாவது சுத்துல நோட்டு வழுக்கிட்டுப் போய் அழுவுமே, அது எப்படி? பொண்ணு வாசிச்சாதான் அப்படி வரும்.” அதைக் கேட்டுத்தான் பதினான்கு வயதில் ட்ரம்பெட் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அடம்பிடித்ததாகவும் சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? “அது அப்படியே வந்துச்சு” என்றேன்.

மேடைகளில் அந்த இடம் வரும்போது நான் ட்ரம்பெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவேன். கூட்டம் வாயாலேயே அந்த எட்டுச் சுற்றையும் பாடும். ஒரு கச்சேரி தவறாமல் அப்படித்தான். ரசிகர்களுக்கு விட்டுக்கொடுக்கிற பெரிய மனசு என்று பெயர் வந்தது. சிகாமணி அண்ணன் எனக்குப் பின்னால் ட்ராம்போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு சேர்ந்து பாடுவார்.

ட்ராக்குகளை இன்று உனக்கு ஏற்றிவிட்டேன். தொடக்கத்தில் வரும் இரைச்சலையெல்லாம் வெட்டிச் சுத்தமாக அனுப்பியிருக்கிறேன். உனக்கு வேலை மிச்சம்.

ஜூன் 10, திங்கள்

நீ மதியம் அனுப்பிய செய்தி: அட்டையில் பெயர் போட எல்லாரிடமும் ஒரு வார்த்தை கேட்டாயிற்று, சிகாமணி அண்ணனின் எண் மட்டும் இல்லை, நீங்களே கேட்டுவிடுங்கள் அக்கா. கூடவே அட்டையின் படம். ‘ட்ரம்பெட்: லிடியா’ என்று பெரிய எழுத்தில். கீழே, பழைய குறுந்தகட்டில் இருந்தபடியே, ‘நன்றி: சிகாமணி (பேண்டு செட்)’. இரண்டு ஆல்பத்தில் பதினெட்டுப் பாட்டுக்கு ட்ராம்போன் வாசித்தவரை நாங்கள் நன்றிப் பட்டியலில்தான் வைத்திருந்தோம், ஸ்பீக்கர் தந்த கடைக்காரருக்கும் பிரியாணி தந்த இசக்கியின் சித்திக்கும் நடுவில்.

எண் என்னிடம் இருந்தது. எட்டு வருடமாகக் கூப்பிடாத எண். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“யாரு?”

“அண்ணே, நான் லிடியா.”

“அட, தாயி. நல்லாருக்கியளா? பிள்ள பொறந்திருக்காம்லா, இசக்கி தம்பி சொன்னாப்ல. என்ன பிள்ள?”

“பொம்பளப் பிள்ள அண்ணே.”

“நல்லது. ஊதச் சொல்லிக் குடுங்க, நெஞ்சுச் சளி அண்டாது.”

விஷயத்தைச் சொன்னேன். தாராளமாகப் போடச் சொன்னார். பிறகு அவராகவே சிரிக்க ஆரம்பித்தார்.

“இங்கயும் ஒருத்தி இருக்கா. எம் மவ, பெர்சிஸ். பன்னெண்டு வயசு. ஸ்கூல் பேண்டுல சேந்திருக்கா. போன்ல உங்க விசில் பாட்டப் போட்டுப் போட்டுப் பழகுதா. நேத்து, இப்படி இல்லட்டி, இப்படின்னு நான் வாங்கி வாசிச்சுக் காட்டுதேன். கேட்டுட்டு என்ன சொல்லுதாங்கிய?”

“என்ன சொன்னா?”

“எப்பா, பரவால்ல, ஆனா அந்த அக்கா மாரி வரலப்பாங்கா.”

அவர் ரொம்ப நேரம் சிரித்தார். நானும் சிரித்தேன் முபீனா. சிரித்தேன்.

“நீங்க அவகிட்ட சொல்லலியா?”

“என்னத்தச் சொல்ல? சொன்னாலும் நம்பவா போறா. வையுங்க தாயி, சப்பரத்துக்கு நேரமாச்சு.”

ஜூன் 11, செவ்வாய்

இட்லி மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்திருந்தது. தட்டு தட்டாகக் கழற்றிக் கழுவினேன். வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 12, புதன்

முபீனா, அந்த எட்டுச் சுற்றை நான் வாசிக்கவில்லை.

எழுதியாயிற்று. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மதுரையில் கடைசி நாள். ஆறு மணிக்கு ஸ்டுடியோவைக் காலி செய்ய வேண்டும். மற்றதெல்லாம் முடிந்து இந்த எட்டுச் சுற்று மட்டும் பாக்கி. நானே எழுதிய மெட்டுதான், எளிமையானதுதான். ஆனால் மூன்று நாளாக ஊதி உதடு மரத்துப்போயிருந்தது. மேல் ஸ்தாயியில் காற்று மட்டும் வந்தது. நாற்பது டேக். நாற்பது முறையும் “லிடியா, ட்ரம்பெட்” என்று சொல்லிவிட்டுத் தோற்றேன். இசக்கி பரோட்டா வாங்கி வருகிறேன் என்று மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ரெக்கார்டிங் செய்கிறவரும் பட்டனைத் தட்டிவிட்டு, ஓடட்டும், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோனார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். மூலையிலிருந்து சிகாமணி அண்ணன் வந்து, “இங்க குடுங்க தாயி” என்றார்.

ட்ரம்பெட்டைக் கொடுத்தேன். அவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? வாய் வைக்கும் மவுத்பீஸைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி என் கையிலேயே தந்தார். தன் சட்டைப் பையிலிருந்து வேறொரு மவுத்பீஸை எடுத்துச் செருகினார். பேண்டு செட்டில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் அவருடைய வாத்தியத்தை மற்றவர் வாங்கி வாசிக்க வேண்டிவரும், அதனால் அவரவர் மவுத்பீஸ் எப்போதும் பையில் இருக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

மைக்கில் வழக்கப்படி சொன்னார்: “டேக் நாப்பத்தொண்ணு. ஞானசிகாமணி. ட்ரம்பெட்டு.”

வாசித்தார். என் மெட்டு முதல் இரண்டு சுற்றோடு சரி. மூன்றாவதில் வேறு எங்கோ போய்விட்டார். நீ கேட்டாயே, அழுகிற நோட்டு, அது சாவு வீட்டிலிருந்து உடலை எடுத்துப் போகும்போது அவர்கள் ஊதுவது. ஓடுகிற தாளத்தின் மேல் அதைப் போட்டு இழுத்தார். அப்படியொன்றை நான் கேட்டதில்லை. முடித்ததும் தன்னுடையதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ட்ரம்பெட்டை நீட்டினார்.

“உங்களது சுத்தமாத்தான் இருக்கு தாயி. நான் வாய் வைக்கல.”

யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வருடமாக எங்களோடு இருந்தவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரே, அதற்கு நாங்கள் எத்தனை முறை எதையெதைச் செய்திருக்க வேண்டும். அவருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்ததில்லை, உண்மை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அவர் காம்பவுண்டுக்கு வெளியேதான் நின்றார். உள்ளே வாங்க அண்ணே என்று நானும் ஒரு நாளும் சொன்னதில்லை. அட்டைப் படம் எடுத்த அன்று அவருக்கு வேறு வேலை இருந்தது என்று எழுதினேன் அல்லவா? அந்தப் படத்தை எடுத்ததே அவர்தான். காமிராவை அவர் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் ஏறி நின்றோம்.

நான் அதைத் திரும்பப் போட்டேன். பாதி ஓடும்போது இசக்கி திரும்பி வந்தான். ஸ்பீக்கரில் அது ஓடிக்கொண்டிருந்தது. பரோட்டாப் பொட்டலத்தோடு அப்படியே நின்று கேட்டான். “ஏட்டி, நீயா இது?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் குனிந்து ட்ராம்போனைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார், “தங்கச்சி பின்னிட்டா தம்பி.”

பத்து வருடமாக அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். பொய் சொன்னது நான் இல்லை, அவர். நான் வாயே திறக்கவில்லை. ரெக்கார்டிங் செய்தவர் எண்ணைப் பார்த்து ஒட்டினாரே தவிர குரலைக் கவனிக்கவில்லை. அவ்வளவுதான். மேடையில் அந்த எட்டுச் சுற்றைக் கூட்டத்துக்கு விட்டுக்கொடுத்தேன், ஏனென்றால் என்னால் வாசிக்க முடியாது. மூன்றாவது ஆல்பத்தில் எதையும் ஏற்கவில்லை, ஏனென்றால் அதைவிட மட்டமாகத்தான் வரும். கல்யாண சீசன் என்று அண்ணன் சொல்லவில்லை. அந்த ஆல்பத்துக்கு அவரைக் கூப்பிட்டதாக இசக்கியிடம் நான்தான் சொன்னேன். கூப்பிடவே இல்லை. அவர் முன்னால் நின்று ஊத எனக்குக் கூசியது.

ஹார்ட் டிஸ்க்கும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வெட்டியது இரைச்சலை இல்லை. ‘ஞானசிகாமணி, ட்ரம்பெட்டு’ என்ற நான்கு நொடிகளை. அதை மட்டும் வெட்டினால் தெரிந்துவிடும் என்று எல்லா ஃபைலிலும் எல்லார் பெயரையும் வெட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. ஹெப்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 13, வியாழன்

ஜெபாவிடம் காலையில் சொன்னேன். ஹெப்சியின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தவன் அந்த விரலை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். “அவர்கிட்ட சொல்லிட்டியா?” என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டேன். பெயரை மாற்றப் போகிறேன் என்றேன்.

“இப்ப எதுக்கு தாயி அது? நடந்தது நடந்துபோச்சு. உங்களுக்குக் கேவலமாயிராதா?”

“ஆகட்டும் அண்ணே.”

போனில் அவருக்குப் பின்னால் ஒரு ட்ரம்பெட் தடுமாறித் தடுமாறி நான்காவது சுற்றை ஏறப் பார்த்து விழுந்தது. மறுபடி ஏறியது.

“அப்ப ஒண்ணு செய்யுங்க” என்றார். குரல் மாறியிருந்தது. “இவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா பெரும அடிக்கேன்னு நெனைப்பா. ஏ பெர்சிஸ், இங்க வா. அந்த அக்கா.”

ட்ரம்பெட் நின்றது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

“அக்கா? நெசமாவே நீங்களா?”

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன், ஆனாலும் சுற்றி வளைத்தேன். உதடு மரத்தது, ஆறு மணி, பரோட்டா எல்லாம் சொன்னேன். கடைசியில்தான், “அத வாசிச்சது உங்க அப்பா” என்றேன்.

அவள் அழவோ குதிக்கவோ இல்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்:

“அப்ப நீங்க வாசிச்சது எது, அக்கா?”

மற்ற எல்லாம் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுதான் உண்மையும்கூட. இருபத்தெட்டுப் பாட்டில் அந்த எட்டுச் சுற்று போக மீதி ட்ரம்பெட் எல்லாம் என்னுடையது. ஒரு பாட்டின் பெயரையாவது சொல்லி, அதைக் கேட்டுப் பார் என்று சொல்ல நினைத்தேன். எந்தப் பாட்டும் நினைவுக்கு வரவில்லை. அவள் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். “எப்பா, அந்த நாலாவது சுத்து, இன்னொரு தடவ காட்டு” என்பது மட்டும் தூரத்தில் கேட்டது. இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவர் வாசித்ததை நான் கேட்கவில்லை.

முபீனா, வெட்டாத ஃபைல்கள் எல்லாவற்றையும் இதோடு ஏற்றியிருக்கிறேன். நாற்பத்தொன்றை முதலில் கேள். பழைய பக்கங்களில் நான் எழுதிய பொய்களைத் திருத்தவில்லை, திருத்தினால் அதுவும் வெட்டுவதுதான். புத்தகத்தில் எதைப் போடுவது, என் படத்தை அட்டையில் வைப்பதா எடுப்பதா என்பதெல்லாம் உன் முடிவு. நீ என்னை நம்பித்தான் ட்ரம்பெட் எடுத்தாய். அதற்கு என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு இடத்தை மட்டும் மாற்றிவிடு. ‘ரெண்டு விசில்’ பாட்டில், ‘தனி ட்ரம்பெட்: ஞானசிகாமணி’. முதல் இரண்டு ஆல்பத்திலும், ‘ட்ராம்போன்: ஞானசிகாமணி’. நன்றிப் பட்டியலிலிருந்து அவரை எடுத்துவிடு.

விடிந்தால் அச்சுக்குப் போகிறது. அதை நிறுத்தினாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். மணி ஒன்றரை, ஹெப்சி பாலுக்கு எழும் நேரம், நான் விழித்துத்தான் இருப்பேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

லிடியா